ஆளுக்கொரு காது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் வேலை செய்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்கிற ஹாலில், வரிசையாக மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில், வயசில் பாதியை உட்கார்ந்தபடியே கழித்துவிட்டேன். பழகிப்போன சத்தம்தான், தூக்கம்கூட வரும். ஆனால் போன வருஷம் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் மெஷின் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினேன். கேட்கும் திறனுக்கு இன்னும் மோசம் ஒன்றுமில்லை, ஆனால் வேலை நேரம் போக மற்ற நேரத்தில் காதுக்கு ஓய்வு கொடு என்றார் டாக்டர். பஸ்ஸில் பாட்டுக் கேட்பேன் என்றேன். எஞ்சின் சத்தத்தை மிஞ்ச வேண்டும் என்று பாட்டைச் சத்தமாக வைப்பதுதான் கெடுதல், சத்தத்தை அடைக்கிற மாதிரி இயர்போன் வருகிறதே, அதை வாங்கிக் குறைச்சலாக வைத்துக் கேள் என்றார்.

பஸ் என்றால் கம்பெனி பஸ். அணைக்கட்டுப் பக்கத்தில் கிளம்பி, ஊர் ஊராகப் பெண்களை ஏற்றிக்கொண்டு, பள்ளிகொண்டாவில் ஹைவேயைத் தொட்டு, மாதனூர் தாண்டி ஆம்பூருக்குப் போகும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், சாயங்காலமும் அப்படியே. அந்தப் பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சீட்டில் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தால் அந்தச் சீட்டுக்கு ஆள் இருக்கிறது. நிற்க இடமில்லாத நாளிலும் யாரும் பையைத் தொட மாட்டார்கள். பையின் சொந்தக்காரியோடு பேச்சுவார்த்தையே இல்லாதவள்கூடத் தொட மாட்டாள்.

எனக்காகப் பை வைத்தவள் அவள். எனக்கு முந்தின நிறுத்தத்தில் ஏறுகிறவள், டீக்கடை ஓரமாக ஸ்கூட்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு வருவாள். இரண்டு பேரும் ஒரே வருஷம் கம்பெனியில் சேர்ந்தோம். நான் தையலில், அவள் இப்போது தோல் பிரிக்கிற டேபிளில். பதனிட்டு வந்து இறங்குகிற தோலைக் கட்டைவிரலால் தடவி, மடித்துப் பார்த்து, இது முதல் தரம், இது அடுத்தது, இது உள்பக்கத்துக்குத்தான் ஆகும் என்று பிரித்துப் போடுவது அவள் வேலை. அதிகம் பேச மாட்டாள். அவள் பங்குக்கும் சேர்த்து நான் பேசுவேன். நான் ஒரு விஷயத்தைச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினால் "அப்பால?" என்பாள். அந்த ஒரு சொல் போதும் எனக்கு. என் புருஷன் என்னை "அப்பால?" என்று கேட்டதே கிடையாது. "சரி, சோறு போடு" என்பார்.

எங்களிடம் ஒயர் வைத்த இயர்போன் ஒன்று இருந்தது. வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் அவளுக்கு. ஒயர் குட்டையானது என்பதால் தலையோடு தலை ஒட்டித்தான் உட்கார முடியும். அவள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அப்படித்தான் போய் வந்தோம். ஒன்று அறுந்தால் அடுத்தது வாங்குவோம், அவள் ஒருமுறை, நான் ஒருமுறை. பழைய பாட்டுக் கேட்போம். யூடியூபில் கொலைக் கேஸ் கதை சொல்கிற ஒருவர் உண்டு, அதையும் கேட்போம். அவர் யார் கொலைகாரன் என்று சொல்வதற்குள் நான் நிறுத்தி, யாராக இருக்கும், ஏன் அவனாக இருக்கும் என்று விளக்கிச் சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுவேன். ஒரு கொலையைக் கண்டுபிடித்து முடிக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

டாக்டர் சொன்னதை மறுநாளே அவளிடம் சொன்னேன். என்னைவிட அவள்தான் துடித்தாள். "வாங்கிடுடி. காது போச்சுனா யார் வந்து தருவா? இந்த ஞாயித்துக்கெழமயே வேலூர் போலாம்" என்றாள். அவளாக ஒரு இடத்துக்குக் கூப்பிடுகிற ஆள் இல்லை அவள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் காதுமேல் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

சர்ச் முடிந்து அவள் வந்தாள். நான் துவைக்க வேண்டிய துணியை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். லாங் பஜாரில் கைவண்டிக்கும் பைக்குக்கும் நடுவில் புகுந்து, பக்கத்துச் சந்தில் இருக்கிற மொபைல் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடைக்காரப் பாய் வயசானவர், பொறுமைசாலி. இரண்டு பொருளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஒன்று காதுக்குள் செருகுகிற பட்ஸ், ஒயரே இல்லாமல், கூழாங்கல் அளவுப் பெட்டிக்குள் இரண்டு படுத்துக்கிடந்தன. இன்னொன்று தலைமேல் மாட்டிக் காதை முழுசாக மூடுகிற ஹெட்போன்.

"ரெண்டும் சத்தத்த அடைக்கும்மா" என்றார். "இது சின்னது, பைல போட்டுக்கலாம். அது பெருசு, ஆனா ஜாஸ்தி அடைக்கும். சார்ஜும் ஜாஸ்தி நிக்கும்."

"பஸ் சத்தம் போய்டுமா பாய்?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் போய்டும். ஒரே மாதிரி உர்ருனு வர்ற சத்தம் எதுவானாலும் போய்டும்."

அவள் முன்னால் குனிந்தாள். "மனுஷங்க பேசுறது?" என்று கேட்டாள்.

பாய் சிரித்தார். "அது முழுசா போவாதும்மா. பேச்சு ஏறும், எறங்கும், நிக்கும். அத இந்த மெஷின் புடிக்காது. உள்ள சொருகுறதுல பேச்சு நல்லாவே கேக்கும். மூடுறதுல கம்மியா கேக்கும்."

"அப்ப பெருசயே வாங்கு" என்றாள் அவள் உடனே. என் தலையில் அவளே மாட்டிவிட்டாள். பாய் எதையோ அழுத்தினார். சந்தின் இரைச்சல், மேலே சுற்றிய ஃபேன், எல்லாம் எங்கேயோ தள்ளிப் போய்விட்டது. நல்லாத்தான் இருந்தது. ஆனால் என் கம்மலின் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தியது, ஒரு நிமிஷத்தில் கன்னமெல்லாம் வேர்த்தது. வேலூர் வெயிலில் இதை மாட்டிக்கொண்டு தலையில் பூவும் வைத்துக்கொண்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

கழற்றிக் கையில் எடுத்த பிறகு எங்கள் தொழில் புத்தி வேலை செய்தது. வேறு ஊர்க்காரர்கள் ஹெட்போன் வாங்கப் போனால் பாட்டைக் கேட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் காதில் படுகிற மெத்தையைக் கிள்ளிப் பார்த்தோம். நான் முகர்ந்தேன். அவள் கட்டைவிரலால் தள்ளி, சுருக்கம் எப்படி விழுகிறது என்று பார்த்தாள். அட்டையில் தோல் என்றுதான் போட்டிருந்தது.

"ரெக்சின்" என்றேன்.

"ரெக்சின்தான்" என்றாள் அவளும், மனசில்லாமல்.

"ஒரு மழைக்காலம் தாங்காது, செதில் செதிலா உரிஞ்சு கன்னத்துல ஒட்டிக்கும். நம்ம நப்பாவுல ஒரு ஒற தைச்சுப் போட்டாத்தான் இது நிக்கும்" என்றேன். நப்பா என்பது ஆட்டுத்தோலில் ரொம்ப மெல்லியது, மெத்தென்று இருக்கும், ஷூவுக்கு உள்பக்கம் வைப்பது. இந்த யோசனையை என் வாய்தான் சொன்னது. மறக்காமல் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

"அதுக்கின்னா, தைச்சுக்கலாம்டி. காது முக்கியமா ரெக்சின் முக்கியமா?" என்று விடாமல் நின்றாள். பாய்கூட, "தோஸ்த் சொல்றத கேளும்மா" என்றார்.

நான் கேட்கவில்லை. காரணம் கம்மலும் இல்லை, ரெக்சினும் இல்லை. காதை மூடுகிறதை வாங்கினால் அது ஒருத்திக்குத்தான். பட்ஸ் என்றால் இரண்டு இருக்கிறது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். "இது வாங்குனா உனக்கும் எனக்கும் ஆச்சு. அத மாட்டிக்கினா நீ பாட்டுக்கு ஜன்னல பாத்துக்கினு வருவியா?" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் விட்டுக்கொடுத்துவிட்டேனே என்று சங்கடப்படுகிறாள் என்று நினைத்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்த கையை இப்போது என்ன செய்வது?

பாய் பட்ஸைச் சரிசெய்து கொடுத்தார். ஒன்றைக் காதிலிருந்து எடுத்தால் பாட்டு தானாக நின்றுவிடுமாம், அப்படி நிற்காமல் மாற்றித் தந்தார். காதுக்குள் போகிற முனையில் மாட்டுகிற ரப்பர் சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஜோடி ஜோடியாக அட்டைப்பெட்டியில் இருந்தது. என் காது சின்னது, அவளுக்குப் பெரிது. வலது பக்கத்தில் சின்ன ரப்பரும் இடது பக்கத்தில் பெரிய ரப்பரும் மாட்டச் சொன்னேன். "ஒரு ஆளுக்கு ரெண்டு அளவா?" என்று பாய் கேட்டார். "ரெண்டு ஆளு பாய்" என்றேன் பெருமையாக. "ஒத்தக் காதுல மாட்டுனா சத்தம் அடைக்காதும்மா" என்றார் அவர். தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்தேன்.

பாய் சொன்னது மறுநாளே தெரிந்துவிட்டது. வலது காதில் பாட்டு, இடது காதில் முழு எஞ்சின். அடைப்பாவது ஒன்றாவது. பழைய ஒயர் இயர்போனுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், தலையை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அவள் ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். டாக்டர் சொன்ன ஓய்வை நான் என் காதுக்குக் கொடுக்கவில்லை, பாதியை அவளிடம் கொடுத்துவிட்டேன். தெரிந்தேதான் கொடுத்தேன், அதில் எனக்கு அப்போது வருத்தமே கிடையாது. நடுநடுவே நிறுத்திப் பேசினேன், அவள் "அப்பால?" என்றாள், நாங்கள் ஆம்பூர் போய்ச் சேர்ந்தோம்.

மழை தொடங்குகிற சமயத்தில் அவள் ஒருநாள் என் மெஷினுக்கே வந்தாள். ஆம்பூர் பஜாரில் எடைக்கு விற்கிற கழிவுத் துண்டில் நல்லதாகப் பொறுக்கி, கறுப்பு நப்பாவில் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தாள். கூடவே அட்டையில் வெட்டிய ஒரு அளவு, முட்டை வடிவத்தில், நடுவில் ஓட்டையோடு. "இது மாதிரி ரெண்டு தைச்சுக் குடுடி, ஓரத்துல எலாஸ்டிக் வச்சு" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"ஸ்கூட்டி கண்ணாடிக்கு. ஓரமெல்லாம் துரு புடிச்சு கைய கிழிக்குது. சுத்தி ஒரு ஒற போட்டா நல்லாருக்கும்."

"ஸ்கூட்டி கண்ணாடிக்கு நப்பாவா? உன் மாமியாளுக்கு ஒரு செருப்பு தைச்சுக் குடுத்தாலும் புண்ணியம்" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் தைத்தேன். ஏனோதானோ என்று தைக்கவில்லை. ஓரத்தைச் சீவி மெல்லிசாக்கி, உள்ளே மடித்து, வெளிநாட்டுக்குப் போகிற ஷூவுக்குத் தைப்பதைவிட நெருக்கமாகத் தையல் விட்டேன். முடிக்கிற இடத்தில் நூலை லைட்டரில் காட்டி உருக்குவது எல்லோரும் செய்வது. நான் உருக்கின சூட்டோடு கத்தரிக்கோலின் பின்பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்துவேன், நூல்முனை தட்டையாகப் படிந்துவிடும், தடவினால் கையில் தட்டாது. எங்கள் ஹாலில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அது என் கை.

வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "உன் கை மாதிரி வராதுடி" என்றாள். அந்தப் பாராட்டை வீடு வரைக்கும் கொண்டுபோனேன்.

அந்த வாரம் ஒருநாள் லீவு போட்டு அவள் ஊர் வழியாகப் போனபோது டீக்கடை ஓரமாக அவள் ஸ்கூட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் உறை இல்லை. துருவும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. கேட்டேன். "மழை பெய்யுதேனு கழட்டி வச்சிருக்கேன்" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அவள் சொன்னால் எனக்குச் சரிதான்.

அடுத்த திங்கட்கிழமை பஸ் ஏறினேன். பை வழக்கம்போல என் சீட்டில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, பட்ஸ் பெட்டியைத் திறந்து இடது பக்கத்தை அவளிடம் நீட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், முக்காட்டுக்குள் அவள் தலையில் அந்த ஹெட்போன். நான் வேண்டாம் என்று வைத்துவிட்டு வந்த அதே ஹெட்போன். என்னைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது. பின்சீட்டில் இருந்தவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காதை மூடியிருந்த மெத்தையின்மேல் கறுப்பு நப்பா உறை. நான் எதற்கும் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் தையல் முடிகிற இடத்தில் நூல்முனை தட்டையாகப் படிந்திருந்தது.

மாதனூர் வரும்வரை நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசவில்லை என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதற்குமேல் தாங்காமல் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். ஒரு பக்கத்தைத் தூக்கினாள்.

"ஸ்கூட்டி கண்ணாடிக்குனு சொன்ன?"

"அதுக்குச் சின்னதா போச்சுடி. இதுக்குச் சரியா இருந்துச்சு."

தோல் பிரிக்கப் போவதற்கு முன்னால் அளவு வெட்டுகிற பிரிவில் இருந்தவள் அவள். அவள் வெட்டின அட்டை ஒரு நூல்கூடப் பிசகாது என்று கம்பெனிக்கே தெரியும். ஆனாலும் நான் விழுங்கிக்கொண்டேன். "இன்னா கேக்குற அதுல?" என்று மட்டும் கேட்டேன். சர்ச்சில் பைபிளை முழுசாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருக்கிறார்கள், ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவசுகாலத்துக்குள் கேட்டு முடிக்க வேண்டும் என்றாள். சாமி பேரைச் சொன்னால் நான் என்ன செய்வேன்? அவரவர் சாமி அவரவருக்கு. ஒருத்தி ஜெபத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்த நாட்களில் எவ்வளவு விஷயம் சேர்ந்துபோனது தெரியுமா? நாத்தனார் வந்து போட்ட ஆட்டம், வீட்டுக்குப் பின்னால் போர் போட்டதில் தண்ணீர் வராதது, எதையும் சொல்ல முடியவில்லை. எப்போதாவது அடக்க மாட்டாமல் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பேன். அவள் கண்ணைத் திறக்க மாட்டாள்.

ஒரு சாயங்காலம் வேலை அதிகம், அவள் ஜன்னலில் சாய்ந்து நிஜமாகவே தூங்கிவிட்டாள். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் நின்றபோது ஹெட்போன் சரிந்து கழுத்துக்கு வந்தது. கீழே விழுந்துவிடும் என்று எடுத்தேன். எடுத்த பிறகு, பைபிளில் எந்த இடத்தில் இருக்கிறாள் பார்ப்போம் என்று என் காதில் மாட்டினேன்.

ஒன்றும் இல்லை.

அடுத்த வசனம் வரும் என்று காத்திருந்தேன். பஸ் கிளம்பியது. எஞ்சின் சத்தம் சுத்தமாக இல்லை. நான் தைத்த தோல் கன்னத்தில் மெத்தென்று உட்கார்ந்திருந்தது, வேர்க்கவே இல்லை. முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது அடுத்த தெருவில் பேசுவதுபோல லேசாகக் கேட்டது. அவள் மடியில் போன் கிடந்தது. விரலால் தொட்டேன். பாட்டு இல்லை, பைபிள் இல்லை, எதுவும் ஓடவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. முன்சீட்டுப் பேச்சு எனக்கு இவ்வளவு கேட்கிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து நான் மெதுவாகச் சொன்னதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டேதான் கண்ணை மூடியிருந்திருக்கிறாள்.

எழுப்பினேன். எழுப்பினேன் என்ன, குலுக்கினேன்.

"இன்னாடி, இதுல ஒண்ணுமே ஓடலியே?"

தூக்கக் கலக்கத்தில் தலையைத் தடவிப் பார்த்தாள். "சார்ஜ் தீந்திருக்கும்."

"சார்ஜ் தீந்தா பஸ் சத்தம் எப்டிடி போச்சு?"

முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "எனக்குக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்டி. வீட்ல மாமியா, பசங்க, டிவி. இங்க வந்தா மெஷின். நடுவுல இந்தப் பஸ்தான் கீது. யாரும் எதுவும் சொல்லாம வரணும், அவ்ளோதான்."

"யாரும்னா? பக்கத்துல நான் ஒருத்திதான உக்காந்திருக்கேன்?"

அவள் மடியில் கிடந்த போனை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா வாய மூடிக்கினு வந்திருப்பேனே. சாமி பேர்ல எதுக்குடி பொய்? என் கையாலயே எதுக்குடி தைக்க வச்ச?"

"உன்னால சும்மா இருக்க முடியாதுடி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "மெஷின் தைக்கிறவங்க வேற யார்கிட்ட குடுத்தாலும் உங்கிட்ட வந்து சொல்லிடுவாங்க. அதான் உங்கிட்டயே குடுத்தேன். உன் தையல்தான் நல்லாவும் இருக்கும்."

ஹெட்போனை அவள் மடியில் வைத்தேன். எறிந்திருக்க வேண்டும். என் தையல் பிரிந்துவிடும் என்று கை எறியவில்லை. என் நிறுத்தம் வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. அவளுக்கு அது வேண்டியதுதானே, அனுபவித்திருப்பாள். எனக்கு லாங் பஜார்க் கடை ஞாபகம் வந்து வந்து போனது. மனுஷங்க பேசுறது கேக்குமா என்று கேட்டாளே. எனக்காகக் கேட்கிறாள், என் மாமியார் வசவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். பெருசயே வாங்கு என்று என் தலையில் மாட்டிவிட்டாளே. என் காதை அடைத்தால் என் வாயும் அடைபடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான் மாட்டவில்லை என்றதும் அவள் மாட்டிக்கொண்டாள். அப்படியானால் அந்த "அப்பால?" எல்லாம் என்ன? எந்த வருஷம் வரைக்கும் நிஜமாகக் கேட்டாள், எந்த வருஷத்திலிருந்து சும்மா கேட்டாள்? இதை யாரிடம் போய்க் கேட்பது? இதுவரை எதையாக இருந்தாலும் அவளிடம்தான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் பை என் சீட்டில் இருந்தது. நான் பார்க்காத மாதிரி தாண்டிப் போய், பின்னால் டயர் மேலே இருக்கிற குலுக்கல் சீட்டில் உட்கார்ந்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அடுத்த நாளும் பை இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதைத் தொடவில்லை. பை இருக்கும்வரை எனக்குள் ஒரு திமிர் இருந்தது. சத்தம் வேண்டாம் என்றுதானே சொன்னாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே, வீட்டில் அவள் படுகிற பாடு எனக்குத் தெரியாதா என்று எனக்கு நானே அவளுக்காக வாதாடவும் தொடங்கியிருந்தேன். வர்ற வாரம் போய் உட்கார்ந்துவிடலாம், வாயைத் திறக்காமல் ஆம்பூர் வரை போய்க் காட்டலாம், அப்போது தெரியும் இவளுக்கு என்று நினைத்திருந்தேன்.

வாரம் பிறந்தது. பஸ் ஏறினேன். பை இல்லை. என் சீட்டில், பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், மாதனூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்தவள். பையைத் தொட யாருக்கும் உரிமை இல்லை, வைத்தவளைத் தவிர. அவள்தான் எடுத்திருக்கிறாள்.

டயர் சீட்டுக்குப் போனேன். பட்ஸ் பெட்டியைத் திறந்து முதல்முறையாக இரண்டையும் என் காதிலேயே மாட்டினேன். வலது காதில் எஞ்சின் சட்டென்று நின்றது. வாங்கினது இதற்காகத்தானே, இவ்வளவு நாள் கழித்து இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று நினைத்தேன். இடது காதில் சரியாக உட்காரவில்லை. பெரிய ரப்பர், அவள் அளவு. தள்ளிப் பார்த்தேன், திருகிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. விரலால் பிடித்துக்கொண்டேன்.

அந்த இடது காது வழியாகத்தான் அவள் சிரிப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது, நான் தைத்த பக்கம் வெளியே தெரிய. புதிதாக வந்தவள் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள், என்னைப்போலவே, நிறுத்தாமல். அவள் ஜன்னலை விட்டுத் திரும்பி உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"அப்பால?" என்றாள் அவள்.